நெல்லுக்கு ஐந்து நிமிஷம், எனக்கு?

நான் படிக்காத நாள் கிடையாது சார். காலையில் பேப்பர், சாயங்காலம் பஜ்ஜி மடித்துத் தந்த பேப்பர், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் விரித்திருக்கும் பேப்பர், ராத்திரி குடும்ப வாட்ஸ்அப் குழு. இவ்வளவு படித்தும் வீட்டில் என் பொது அறிவுக்கு மரியாதை இல்லை. "எங்கே படிச்சீங்க?" என்பாள் மனைவி. "எங்கேயோ" என்பேன். கேஸ் தள்ளுபடி.

இதே வேலைக்கு அமெரிக்காவில், பிட்ஸ்பர்க் நகரத்துக் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், 2010 ஜனவரியில் ஒரு கம்ப்யூட்டரை உட்கார வைத்தார்கள். பெயர் நெல், வயலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. டாம் மிட்செல் என்ற பேராசிரியரின் குழு, ஊர் என்றால் இன்னின்ன, கம்பெனி என்றால் இன்னின்ன என்று வகைக்குக் கொஞ்சம் உதாரணம் சொல்லிக்கொடுத்ததோடு சரி. மீதியை இணையப் பக்கங்களை ராப்பகலாகப் படித்து அதுவே கற்றுக்கொள்ள வேண்டும். காபி கேட்காது, கண்ணயராது. அந்த அக்டோபருக்குள் சுமார் 3,90,000 தகவல் சேர்த்துவிட்டது. அதில் 87 சதவீதம் சரி என்று மதிப்பிட்டார்கள். என் சதவீதம் வேண்டாம், விடுங்கள்.

மிச்சம் 13-ஆல்தான் எனக்கு அதன்மேல் பாசம். இன்டர்நெட் குக்கீயை அது பேக்கரிப் பலகாரத்தில் சேர்த்துவிட்டது. அப்புறம் "குக்கீகளை அழித்தேன்" என்று எங்கோ படித்தது. ஓகோ, அழிக்கப்படுவதெல்லாம் பலகாரம்! "ஃபைல்களை அழித்தேன்" என்று எவரோ எழுத, கம்ப்யூட்டர் ஃபைலும் பேக்கரிக்குப் போயிற்று. ஒரு தப்பை உள்ளே விட்டால், கல்யாணத்துக்கு வந்த மாமா மாதிரி, ஊரையே கூட்டி வந்துவிடும்.

நானும் அப்படித்தான். வெந்நீர் ஆவி மூக்கடைப்பை நீக்கும் என்று வாட்ஸ்அப்பில் படித்தேன், நீக்கியது. அடைப்பு என்றாலே வெந்நீர் என்று முடிவுகட்டி, சமையலறை சிங்கில் கொதிக்கக் கொதிக்க ஊற்றினேன். பிவிசி பைப் இளகி, மூட்டு கழன்று, தண்ணீர் ஹால்வரை வந்தது. குனிந்து பார்த்த பிளம்பர் நிமிர்ந்து, "சார் படிச்சவரா?" என்றார்.

இதில் நெல் என்னைவிட ஒரு படி மேல். ஒரு இடத்தில் படித்ததும் நம்பிவிடாது. சந்தேகத்தோடு ஓரமாக வைத்துக்கொண்டு, வேறு வேறு வழியில் அதே விஷயம் வருகிறதா என்று பார்த்துத்தான் தன் கணக்கில் ஏற்றும். எனக்கு, பெரியப்பா ஃபார்வர்டு செய்தாலே போதும்.

ஆனாலும் என் வயிற்றெரிச்சல் வேறு. முதல் சில மாதம் அதை யாரும் தொந்தரவே செய்யவில்லை. ஜூனிலிருந்துதான், இரண்டு வாரத்துக்கு ஒரு தரம், வகைக்கு ஐந்து நிமிஷம் பார்த்து, அப்பட்டமான தப்பை மட்டும் திருத்தினார்களாம். இங்கே திருத்தம் உடனுக்குடன், சாம்பார் ஊற்றும்போதே, பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி. உங்கள் வீட்டில் இரண்டு வாரத் தவணை கிடைக்கும் என்றால் சொல்லுங்கள், பெட்டியோடு வந்துவிடுகிறேன்.