கால் மேல் கால்

பெரியவர்கள் எதிரில் கால் மேல் கால் போட்டால் எங்கள் வீட்டில் முதுகில் விழும். உட்கார்ந்தபடி காலாட்டினால் அடியில்லை, பாட்டியின் வசவு மட்டும்: "காலாட்டாதடா, வீட்டுல லட்சுமி தங்க மாட்டா." இப்போது இந்த இரண்டையும் காசு கொடுத்துச் செய்துகொண்டிருக்கிறேன்.

பிசியோதெரபிஸ்ட் பெண்ணுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. "வலது கணுக்காலை இடது முட்டி மேல வைங்க அங்கிள். முதுகை வளைக்காம இடுப்புலேர்ந்து முன்னால சாயுங்க." பிட்டத்துக்குள்ளே ஆழத்தில் பிரிஃபார்மிஸ் என்று ஒரு தசை. அது இழுபட்டபோதுதான் இத்தனை வருடம் எனக்குள் குடியிருந்ததே தெரிந்தது. (இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.)

காலாட்டலுக்கும் முறை உண்டு. சக்கரம் இல்லாத நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை முட்டி நேராகும்வரை நீட்டி, பாதவிரல்களை நம் பக்கம் இழுத்து, ஐந்து எண்ணி, மெள்ள இறக்க வேண்டும். பொத்தென்று போட்டால், "இறக்கறதும் எக்சர்சைஸ்தான் அங்கிள்." இடுப்புக்கு வந்தவனின் தொடையை ஏன் படுத்துகிறாள் என்று கேட்டேன். தொடையின் முன்பக்கம் நான்கு தசைகளாம். மூன்று தொடை எலும்போடு சரி. ஒன்று மட்டும் இடுப்பெலும்பிலேயே தொடங்குகிறதாம்.

நாற்காலியை விட்டுத் தரைக்கு வந்தால் அங்கேயும் ஒரு பரீட்சை உண்டு. பிரேசில் மருத்துவர் கிளாடியோ கில் அராவுஜோவின் குழு, 51 முதல் 80 வயதுவரையான 2002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி மதிப்பெண் போட்டது. மொத்தம் 10. கையோ முட்டியோ ஊன்றினால் ஒவ்வொன்றுக்கும் 1 போச்சு. குறைவாக வாங்கியவர்களிடையே பிற்பாடு இறப்பு அதிகம் என்று 2012இல் வெளியிட்டார்கள்.

எங்கள் ஊர்ப் பந்தியில் இந்தப் பரீட்சை தினமும் நடந்தது. வலது கையில் எச்சில், ஊன்ற முடியாது. இடது கையை ஊன்றி எழுந்தவரைப் பார்த்து, "மாமாவுக்கு வயசாயிடுத்து" என்பார்கள். மதிப்பெண் போட்டாயிற்று!

அதற்காக அந்தக் காலத்தைத் தலையில் வைத்து ஆட நான் தயாரில்லை. சம்மணம், அம்மி, ஆட்டுக்கல் எல்லாவற்றுக்கும் பிறகு பாட்டி ராத்திரி முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டுதான் படுப்பாள். அவளை யாரும் நாற்காலியில் உட்காரச் சொன்னதில்லை.

"வீட்டுல தரையில உட்காருவீங்களா அங்கிள்?"

"பூஜைக்கு."

"எழுந்திருக்கறது?"

"மருமகள் கை கொடுப்பாள்."

சீட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள்.