மேடைக் கஞ்சன், வீட்டு வள்ளல்

மேடையில் கணவன், மனைவியைக் கிண்டலடித்தே பிழைக்கும் காமெடியன்களுக்கு வீட்டில் சோறு கிடைக்குமா?

அந்தக் கிண்டலுக்கு வந்த பணத்தில்தானே அரிசியே வாங்குகிறார்கள்! அமெரிக்காவின் ஃபிலிஸ் டில்லர், 'ஃபேங்' என்ற உதவாக்கரைக் கணவனை மேடைதோறும் வறுத்தெடுத்தார். ஃபேங் வெறும் கற்பனை. நிஜக் கணவரை 1965-ல் விவாகரத்து செய்தார், ஃபேங்கை விடவில்லை. சம்பாதித்துக் கொடுக்கிற புருஷனை யார் விடுவார்?

கஞ்சனாக நடித்துப் பெயர் வாங்கியவர் நிஜத்திலும் கஞ்சனாகத்தானே இருப்பார்?

அமெரிக்கக் காமெடியன் ஜாக் பென்னியைக் கேளுங்கள். "பணமா, உயிரா?" என்று மிரட்டும் திருடனிடமே, யோசித்துச் சொல்கிறேன் என்று இழுக்கும் மகா கஞ்சனாக வானொலியில் கலக்கினார். வயலினில் அபஸ்வரமும் அவர் காமெடிதான். நிஜத்தில் அதே வயலினைத் தூக்கிக்கொண்டு போய், இசைக்குழுக்களுக்கு நிதி திரட்டிக் கொடுத்தார். 1974-ல் இறந்தபோது, மனைவிக்கு ஆயுள் முழுக்கத் தினமும் ரோஜா போய்ச் சேர ஏற்பாடு செய்துவிட்டுத்தான் போயிருந்தார்.

ஆனாலும் கஞ்சன்தான். ஒரு நாளைக்கு ஒரே ஒரு ரோஜா!

அப்போ, மேடையில் எதை வேண்டுமானாலும் அளந்துவிடலாமா?

அமெரிக்கக் காமெடியன் ஹசன் மின்ஹாஜ் அப்படித்தான் நினைத்தார். தபாலில் வந்த வெள்ளைப் பொடி மகள்மேல் கொட்டி, ஆஸ்பத்திரிக்கு ஓடியதாக மேடையில் சொன்னார். 2023-ல் 'நியூயார்க்கர்' இதழ் துருவிக் கேட்டதும், மகளை ஆஸ்பத்திரியில் சேர்க்கவே இல்லை என்று ஒப்புக்கொண்டார்.

மாமியார் ஜோக்குக்கு ஆதாரம் கேட்பவன் ரசிகன் இல்லை. ஆனால், சிரிக்கவைக்க அளப்பது வேறு. அழவைக்க அளந்தால் கேள்வி வரத்தான் செய்யும்.