கூடம் கோணல்

நியூஜெர்சியில், இணையத்தில் மேசை நாற்காலி விற்கும் ஒரு கம்பெனியில் வாடிக்கையாளர் தகவல்களுக்கு நான்தான் காவல். காவல் காத்ததைவிட, சட்டங்கள் தொல்லை பண்ணுகின்றன என்று புலம்பியதே அதிகம்.

புலம்பக் காரணமும் இருந்தது. அமெரிக்காவில் மருத்துவத் தகவலுக்கு 1996இல் ஒரு சட்டம், இணையத்தில் குழந்தைகளுக்கு 1998இல் ஒரு சட்டம். எல்லாருக்கும் பொதுவான தேசியத் தனியுரிமைச் சட்டம் இல்லை. 2018இல் கலிஃபோர்னியா தானே ஒன்றைப் போட்டது. பின்னாலேயே வர்ஜீனியா, கொலராடோ, டெக்சஸ். 2025 ஜனவரி முதல் எங்கள் நியூஜெர்சியும். கம்பெனியின் மொத்த வருமானத்துக்கு கலிஃபோர்னியாவில் ஒரு வரம்பு உண்டு. வர்ஜீனியாவில் அப்படி ஒரு வரம்பு இல்லை.

2019இல் பிசினஸ் ரவுண்ட்டேபிள் அமைப்பிலிருந்து அமேசான், ஐபிஎம் உட்பட 51 கம்பெனிகளின் தலைவர்கள், நாடு முழுக்க ஒரே சட்டம் வேண்டும் என்று காங்கிரஸ் தலைவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். வணிகர் கூட்டங்களில் அந்தக் கடிதத்தை எடுத்துவிடாமல் நான் பேச்சை முடித்ததில்லை. கைதட்டலும் கிடைக்கும்.

இனி என் சாதனைகள். எங்கள் பிரைவசி பாலிசியை வேறொரு கம்பெனியிடமிருந்து அப்படியே எடுத்தேன். ஓர் இடத்தில் அவர்கள் பெயரை மாற்ற மறந்துபோனதால், பல மாதங்கள் நாங்கள் நாய் பிஸ்கட் விற்பதாக உறுதிமொழி அளித்துக்கொண்டிருந்தோம். தன் தகவல்களை அழிக்கச் சொன்ன ஒருவருக்கு, “அழித்துவிட்டோம், எங்கள் சேவை எப்படி இருந்தது?” என்று அடுத்த வாரமே மெயில் போனது. உச்சம் இது: “என் தகவலை விற்காதே” என்று கேட்ட கலிஃபோர்னியாக்காரரிடம் டிரைவிங் லைசென்ஸ் நகல் கேட்டேன். அந்தக் கோரிக்கைக்கு அடையாளச் சான்று கேட்கவே கூடாது. தேவைக்கு மேல் விவரம் கேட்டதும் சேர்ந்துதான் 2025இல் ஹோண்டாவுக்கு அங்கே 6,32,500 டாலர் அபராதம் ஆனது. எங்களை யாரும் கவனிக்கவில்லை. அந்த அளவுக்குச் சின்னக் கடை.

இதில் எந்தக் கூத்து மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறுவதால் நடந்தது? ஒன்றுமே இல்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் மேடை போட்டு மைக் பிடித்துச் சொன்னேன்.

கேட்ட சட்டம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தபோது இன்னும் அழகாக நடந்துகொண்டேன். 2022 ஜூலையில் தேசியத் தனியுரிமை மசோதா கீழவைக் குழுவில் 53-2 என்று நிறைவேறியது. தங்கள் சட்டம் அடிபட்டுப் போகுமே என்று கலிஃபோர்னியாவில் எதிர்ப்பு. மசோதாவில் பாதிக்கப்பட்டவர் தானே கம்பெனிமீது வழக்குப் போடும் உரிமையும் இருந்தது. வணிகர் தரப்புக்கு அது ஆகவில்லை. “ஒரே சட்டம் வேண்டும்” என்று எழுதிய அதே லெட்டர்பேடில் “இந்தச் சட்டம் வேண்டாம்” என்றும் நான் எழுதினேன். தேதியைத் தவிர இரண்டு கடிதத்திலும் முதல் பத்தி ஒன்றுதான். மசோதா முழு அவையின் வாக்கெடுப்புக்கு வரவே இல்லை. 2024இல் வந்த அடுத்ததும் குழுவிலேயே நின்றது.

ஒரே சட்டம் என்ற கோரிக்கையில் நியாயம் உண்டு. இருபது மாநிலங்களுக்கு இருபது வக்கீல் வைக்கச் சின்னக் கடைகளால் முடியாது. ஆனால் என்னைப் போல ஒருவர் மேடையில் அதைக் கேட்டால், கைதட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: அந்தச் சட்டம் கலிஃபோர்னியாவினுடையதைவிட வலுவாக இருக்குமா? உங்கள்மீது நான் வழக்குப் போட முடியுமா?