இமிக்ரேஷன் வினாவும் நன்னூல் விடையும்

பவணந்தி முனிவர் நன்னூலில் வினாவை ஆறாகவும் விடையை எட்டாகவும் வகுத்தபோது, இமிக்ரேஷன் கவுண்டரை மனத்தில் வைத்திருந்தார் என்பது இக்கட்டுரையாளரின் துணிபு. அவர் காலத்தில் பாஸ்போர்ட் ஏது என்பார்க்கு, பயம் இருந்தது என்க.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவை: நான்கு வயது மகன் ஒருவன், அவனோடு தனியாக லண்டனுக்குத் தங்கை வீட்டுக்குப் போன நான், ஒரு ஃபைல்.

சிக்கலின் வேர் இனிஷியலில் இருக்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பாஸ்போர்ட்டிலோ சர்நேம் என்றொரு கட்டம் உண்டு. அதில் இனிஷியல் விரிந்து உட்கார்ந்துகொள்கிறது. என் சர்நேம் என் அப்பா பெயர், கணவருடையது மாமனார் பெயர், மகனுடையது கணவர் பெயர். ஒரே அடுப்பில் சாப்பிடும் மூவர், வெள்ளைக்காரர் கணக்கில் மூன்று குடும்பம். பிள்ளையின் சர்நேம் வேறாக இருந்தால் உறவு என்ன என்று கேட்கக்கூடும் எனப் பிரிட்டிஷ் அரசே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது. கேட்பதில் நியாயமும் உண்டு. பெற்றோரில் ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் பிள்ளையை வேறு நாட்டுக்குக் கடத்திக்கொண்டு போவதைத் தடுக்கவே 1980இல் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை போட்டார்கள். இந்தியா அதில் சேரவில்லை. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் போயிற்று.

ஆகவே ஃபைல். பிறப்புச் சான்றிதழ், நோட்டரி முத்திரையோடு கணவரின் சம்மதக் கடிதம், மாமியார் தாமாகச் சேர்த்த கல்யாணப் பத்திரிகை. மகனுடைய பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் எங்கள் இருவர் பெயரும் அச்சாகியிருப்பதை மூன்றாவது ஜெராக்ஸுக்குப் பிறகுதான் பார்த்தேன்.

இனி வினா வகை. விசாவைக் கையில் வைத்துக்கொண்டே எதற்கு வந்தீர்கள் என்பது அறிவினா. ஆசிரியர் மாணவனைக் கேட்பது போல. கண்ணாடியைக் கழற்றுகிறீர்களா என்பது ஏவல் வினா. இவன் உங்கள் மகனா என்பது அதிகாரிக்கு அறியா வினா. மூன்று இரவு ஒத்திகை பார்த்த தாய்க்கோ அதுவே ஐயவினா ஆகிவிடும்.

ஒத்திகை என்றது, நான் கைகாட்டி “யாரு இது?” என்றால் “மம்மி” என்று அவன் சொல்ல வேண்டும். சொன்னால் ஜெம்ஸ் மிட்டாய்.

பத்து மணி நேரத்துக்கு மேல் பறந்து கவுண்டருக்கு வந்தோம். அதிகாரி குனிந்து, இது யார் என்றார். மகன் தெளிவாகச் சொன்னான்: “அண்ணி.”

கூட்டுக் குடும்பம். கொழுந்தனார் இருவர் காலை முதல் இரவு வரை என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்; அவனுக்கும் நான் அண்ணிதான்.

அதிகாரியின் காதில் அது ‘ஆனி’ என்று விழுந்திருக்கிறது. பாஸ்போர்ட்டைப் புரட்டினார். உங்கள் பெயர் ஆனியா என்றார். ஆம் என்றால் பாஸ்போர்ட் பொய். இல்லை என்றால் பிள்ளை பொய். நேர், மறை என்னும் இரு விடையும் அடைபட்ட இடம் இது. “பையனுக்குத் தூக்கம்” என்றேன். இது உற்றது உரைத்தல் என்று கொள்க.

அவர் விடவில்லை. சரி, மம்மி எங்கே என்று அவனையே கேட்டார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் மகன் என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினான்: “ஜெம்ஸ் எங்கே?”

வினா எதிர் வினாதல். அதிகாரி சிரித்துவிட்டு முத்திரையைக் குத்தினார்.

கல்யாணப் பத்திரிகையை யாரும் வாங்கிப் பார்க்கவில்லை என்று மாமியாருக்கு இன்றுவரை குறை.