சாய்வு நாற்காலியில் ஒரு வளைவு

லாஸ் ஏஞ்சலிஸ் பகுதி மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஆராய்ந்து ஹாரி ஹர்ட் குழுவினர் 1981இல் அளித்த அறிக்கை, விபத்தில் சிக்கிய ஓட்டுநர்களில் 92 விழுக்காட்டினர் தாமாகவோ உற்றார், நண்பர் வழியாகவோ ஓட்டக் கற்றவர்கள் எனக் கண்டது. அந்த ஆசான்களுக்கு மாற்றாக வந்த நூல்களுள் ஒன்று, டேவிட் ஹஃப் எழுதி 2000இல் வெளிவந்த ‘ப்ரொஃபிஷியன்ட் மோட்டார்சைக்கிளிங்’ ஆகும்.

இத்தகைய நூல்களைக் கற்றவர், எதிர்த்திருப்பலை, அதாவது வேகத்தில் இடப்புறம் திரும்ப இடக் கைப்பிடியையே முன்னோக்கித் தள்ளும் முறையை, சாய்வு நாற்காலியில் பிழையின்றி நிகழ்த்துகிறார். அஞ்சிய பொருளையே வெறித்து நோக்கி அதன் மீதே சென்று மோதும் இயல்புக்குப் பார்வைப் பிடிப்பு என்று பெயர் என்பதை அறிந்திருப்பதால், எதிர்ப்படும் பள்ளத்தைப் பெயர் சொல்லி வரவேற்கவும் அவரால் முடிகிறது. நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி முன்சக்கர பிரேக்கிலிருந்தே கிடைக்கிறது என்ற வரியை அவர் அடிக்கோடிட்டிருந்தாலும், நாய் குறுக்கே பாய்ந்ததும் அவரது வலக்கால் நூலைக் கலந்தாலோசிக்காமல் பின்பிரேக்கை மிதிக்கிறது.

குற்றம் நூலினுடையதன்று, படித்ததை ஆளற்ற திடலில் மெதுவாகப் பழகிப் பார்க்குமாறு கூறும் பக்கங்களும் அதில் உள்ளன. அடிக்கோடு படாமல் புத்தம் புதிதாக இருப்பவை அவை மட்டுமே.