மட்டம் மாமா

போடிநாயக்கனூரில் யாரையாவது 'மட்டம்' என்று சொன்னால் சண்டை வரும். மாமாவைச் சொன்னால் முகம் மலரும். "தகடு மட்டமா இருந்தாத்தான் மாப்ள, கத்தி மட்டமா இருக்காது" என்பது அவர் வேதவாக்கு. முதல் மட்டத்துக்கும் இரண்டாம் மட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க அவருக்கு ஒரு சாயங்காலம் வேண்டும்.

இந்த ரகத்தினர் ஊருக்கு ஊர் உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருப்பார்கள். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை இருக்கும். அதில் எப்போதும் ஏதோ ஒன்று 'முக்கால்வாசி முடிந்து' கிடக்கும். மாமாவின் கொட்டகையில் இருப்பது பெல்ட் கிரைண்டர். ஒரு எச்.பி. மோட்டார், மூன்று சக்கரம், சுற்றியோடும் எமரி பெல்ட். பெல்ட்டுக்கு முதுகு கொடுத்து நிற்கும் ஒரு சாண் தகட்டுக்குப் பெயர் பிளேட்டன். கல்யாண வீட்டுத் தாய்மாமன் மாதிரி அது. பின்னால்தான் நிற்கும், கோணிக்கொண்டால் எல்லாமே கோணிப்போகும்.

ஏலத்தோட்டத்துக்கு ஒரு கத்தி வேண்டியிருந்தது. பூப்பாறைக்கும் சாந்தன்பாறைக்கும் ஆளேற்றிப் போய்ப் போய் இடுப்பொடிந்த ஜீப்பின் ஸ்பிரிங் பட்டை, கொல்லன் உலையில் கத்தியாகி மறுபடி அதே மலை ஏறுவது எங்கள் பக்கத்து மறுபிறவி. கொல்லர் ஒரே நாளில் அடித்துக் கொடுத்தார். மெருகுக்கு மட்டும் மாமாவிடம் கொடுத்தேன். அது சித்திரை மாதம்.

வைகாசியில் போய்ப் பார்த்தேன். கத்தி ஆணியில் தொங்கியது. கழற்றிய தகட்டை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார் மாமா.

"இரும்புத் தகடு நடுவுல குழி விழுந்துருச்சு மாப்ள. பெல்ட்டு ஓடி ஓடித் தேய்ச்சிருது. அந்தக் குழி அப்படியே கத்தியில கோடா இறங்குது. போதாததுக்குச் சூடு வேற. கத்தி நீலம் பாரிச்சா பதம் போச்சு."

"எம்புட்டுக் குழி மாமா?"

"அரை எம்.எம். இருக்கும்."

ஏலக்காயை எட்டு எம்.எம்., ஏழு எம்.எம். என்று சலித்து விலை சொல்கிற ஊர். இங்கே அரை எம்.எம்.மைச் சும்மா விடச் சொல்லி யாரிடம் முறையிடுவது?

ஆனியில் தகட்டின் மேல் கறுப்பாக ஒரு கண்ணாடி ஏறியிருந்தது. பழுதான இண்டக்ஷன் அடுப்பின் மேல்பலகையை அறுத்து அரல்டைட் போட்டு ஒட்டியிருந்தார். அடுப்பு பழுதானது கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்பா, பின்பா என்பதில் அத்தைக்கும் அவருக்கும் இன்றுவரை வழக்கு.

"இந்த மாதிரிக் கண்ணாடி எப்படி வந்துச்சு தெரியுமா? 1950கள்ல அமெரிக்காவுல கார்னிங் கம்பெனியில ஸ்டூக்கின்னு ஒரு விஞ்ஞானி. கண்ணாடியை 600 டிகிரி சூட்டுல வைக்கப் போனாரு. உலை கோளாறாகி 900க்குப் போயிருச்சு. உருகி ஓடியிருக்கும்னு திறந்தா, அப்படியே இருக்கு. கைதவறிக் கீழ விழுந்தும் உடையல. அங்க அடுப்பைக் கவனிக்காம விட்டா கண்டுபிடிப்பு. இங்க விட்டா உங்க அத்தை வாயில விழணும்."

கண்ணாடித் தகடு தேயவில்லை. ஆனால் பெல்ட்டின் ஒட்டு வந்து மோதும்போதெல்லாம் 'டக்'கென்றது. டக் ஒவ்வொன்றும் கத்தியில் ஒரு வரி. அதற்கு மெத்தென்று ஏதாவது வேண்டுமாம். ஆடியில் தோல் ஒட்டினார். ஆவணியில் கித்தான் ஒட்டி, வழுக்கிப் போகப் பேரனின் பென்சில்களைப் பொடித்துக் கரி பூசினார். பேரன் கணக்குப் பரீட்சையைப் பேனாவால் எழுதினான். மெத்தென்ற தகடு மெருகுக்கு நல்லது, ஆனால் கத்தியின் கூர்வரம்பை மழுக்கிவிடும். ஆகவே உருவுக்குக் கண்ணாடி, மெருகுக்குக் கித்தான் என்று இரண்டு தகடு. மாற்றி மாட்டுவதற்கு ஒரு தனிச் சட்டம். அந்தச் சட்டம் மட்டமாக இல்லை.

அவசரப்படுத்தினால் பதில் தயாராக இருக்கும். "2010 கடைசியில நின்ன போடி ரயிலு 2023 ஜூன்லதான் திரும்பி வந்துச்சு. கேட்டியா? கத்திக்கு மட்டும் கேக்க வந்துட்ட."

ஐப்பசியில் கத்தி வந்தது. 120, 240, 400 என்று ஒவ்வொரு பெல்ட்டும் முந்தைய பெல்ட்டின் கீறலை அழித்த மெருகு. தோட்டத்தில் வாங்கிய பெரியவர் முதல் வேலையாக அதன் விளிம்பைக் கருங்கல்லில் நாலு இழுப்பு இழுத்தார். "வழுவழுன்னு இருந்தா தட்டையில வழுக்கும் தம்பி. கொஞ்சம் சொரசொரன்னு இருந்தாத்தான் நாரைப் பிடிக்கும்." ஆறு மாதத் தவம் நாலு இழுப்பில் கலைந்தது. ஆனால் அடைமழையில் மற்றக் கத்திகள் துருவேறிச் சிவந்தபோது, இதன் உடம்பு மட்டும் பளபளத்தது. கீறல் இல்லாத இரும்பில் ஈரம் ஒளிய இடமில்லை.

ஒரு விடிகாலை, மலையேறும் ஜீப்பில் காய் எடுக்கப் போன ஓர் அக்கா, சாக்கிலிருந்து அந்தக் கத்தியை உருவி முகத்துக்கு நேரே பிடித்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டார். அடுத்திருந்தவர் கைநீட்டி வாங்கினார். போடிமெட்டு வருவதற்குள் கத்தி ஜீப்பு முழுக்கச் சுற்றிவிட்டது.

ஓடிப்போய் மாமாவிடம் சொன்னேன். பாராட்டைக் கேட்டுப் பூரித்துப்போவார் என்று எதிர்பார்த்தேன்.

"பொட்டு வச்சாகளா? கோடு ஏதும் தெரிஞ்சுச்சாமா?"

"நெத்தியில ஒண்ணு தெரிஞ்சுதுன்னாக."

"அது அவுக நெத்திக் கோடா, என் கத்திக் கோடா?"

நான் யோசிப்பதற்குள் மாமா ஸ்பேனரை எடுத்துவிட்டார்.