சர்வர் டவுன், கேண்டீன் ஓப்பன்

மார்கழி பிறந்தால் சென்னைச் சபாக்கள் வாசலில் பேனர் கட்டுகின்றன: டிக்கெட்டுகள் ஆன்லைனில் கிடைக்கும். கிடைக்கும்தான், பத்தொன்பதாவது வரிசையில், ஏசி நேராகப் பிடரியில் ஊதுகிற இடத்தில். முன்வரிசைகள் இணையதளத்து வரைபடத்தில் சாம்பல் நிறத்தில் படுத்திருக்கும். விற்றுத் தீர்ந்ததாக நினைத்துவிடாதீர்கள். அவை சந்தைக்கே வரவில்லை. புரவலர்கள், ஆயுள் உறுப்பினர்கள், விளம்பரம் கொடுத்த வங்கி மேலாளர், செக்ரெட்டரியின் சம்பந்தி ஆகியோருக்காக அவை விரதம் இருக்கின்றன. அவர்கள் வர மாட்டார்கள். பாடகர் காலி நாற்காலிகளைப் பார்த்துக் கல்யாணி ஆலாபனை செய்வார். காசு கொடுத்தவன் பின்னாலிருந்து அந்த நாற்காலிகளின் முதுகைப் பார்த்துக்கொண்டே கேட்பான்.

இதற்குப் பெயர் இணைய வழி விற்பனை. எது எதோடு இணைந்தது? ஆபீஸ் மேஜையில் ஒரு நோட்டு இருக்கிறது. டிக்கெட் விற்கும் கம்பெனியிடம் ஒரு கோட்டா இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மாமாவும் அவருடைய வாட்ஸாப்பும். "ஆன்லைன்ல எவ்வளவு போச்சு?" என்று சாயந்திரம் அவர் கேட்பதுதான் நம்முடைய தொழில்நுட்ப ஒருங்கிணைப்பு. கம்பெனி பதில் சொல்வதற்குள் கவுன்ட்டர்காரர் அதே நாற்காலியை இன்னொருவருக்குக் கிழித்துக் கொடுத்திருப்பார். ஒரே நாற்காலிக்கு இரண்டு ரசிகர்கள் வந்து நின்றால் வாலன்டியர் பையன் மனப்பாடம் செய்த வாசகத்தைச் சொல்வான்: "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார்."

போனில் டிக்கெட் வந்துவிட்டது, நேரே உள்ளே போகலாம் என்று நினைப்பவர் சபாவுக்குப் புதியவர். போனைக் காட்டி, வரிசையில் நின்று, காகித டிக்கெட் வாங்கி, அதை வாசலில் கிழிக்கக் கொடுக்க வேண்டும். வரிசையில் நிற்காமல் இருக்கத்தான் வசதிக் கட்டணம் வாங்கினார்கள். யாருடைய வசதி என்று மட்டும் எந்த ரசீதிலும் எழுதவில்லை. 500 ரூபாய் வரையிலான கச்சேரி டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி கிடையாது, அரசே விலக்கு கொடுத்திருக்கிறது. வசதிக் கட்டணத்துக்கோ 18 சதவீதம் உண்டு. தோடிக்கு வரி இல்லை, தொல்லைக்கு வரி! மகாராஷ்டிர அரசு சினிமா டிக்கெட்டில் இந்தக் கட்டணம் கூடாது என்று உத்தரவு போட்டுப் பார்த்தது. 2025 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆக, தொல்லை சட்டபூர்வமானது.

கடல் கடந்து ஒரு கணக்கைப் பாருங்கள். நியூயார்க் மெட்ரோபாலிடன் ஆபெரா பணக்காரச் சபாதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டிக்கெட், உறுப்பினர், நன்கொடை மூன்றையும் ஒரே கணக்கில் வைக்க அது தனக்கென்று ஒரு மென்பொருள் எழுதிக்கொண்டது. பிறகு மற்ற கலை நிறுவனங்களோடு பகிர்ந்துகொண்டது. அதுதான் டெஸ்ஸிட்டுரா, பயன்படுத்தும் நிறுவனங்களே அதற்குச் சொந்தக்காரர்கள். இங்கே ஒரே நகரத்தில், ஒரே மாதத்தில், ஒரே வித்வான்களை வைத்துக் கச்சேரி நடத்தும் சபாக்கள் சேர்ந்து ஒரு பொதுக் கணக்கு வைத்துக்கொள்ளுமா? பட்டம் கொடுப்பதிலேயே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதவர்கள்! வந்தவர் யார், எந்த ஊர், போன வருஷம் யாரைக் கேட்டார் என்பதெல்லாம் கம்பெனியின் கிடங்குக்குப் போகிறது. சபாவுக்கு மிஞ்சுவது ஒரு தொகை. அப்புறம் அதே செக்ரெட்டரி மேடையேறி, "இளைஞர்கள் ஏன் வருவதில்லை?" என்று கண் கலங்குவார். வந்த இளைஞனின் போன் நம்பர்கூட உம்மிடம் இல்லையே ஐயா, கம்பெனியிடம் அல்லவா இருக்கிறது!

சபாவை விடுங்கள், பெரிய இடத்துக்கு வாருங்கள். 2023 ஆகஸ்டில் மழையால் தள்ளிப்போன ஏ. ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' இசை நிகழ்ச்சி செப்டம்பர் 10 அன்று சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடந்தது. ஆயிரக்கணக்கில் காசு கட்டி டிக்கெட் வாங்கியவர்கள் உள்ளே நுழைய முடியாமல் தெருவில் நின்றார்கள். குழந்தைகளோடு வந்தவர்கள் நெரிசலில் சிக்கித் தவித்தார்கள். மறுநாள் ரஹ்மான், டிக்கெட் நகலையும் குறைகளையும் மின்னஞ்சலில் அனுப்பச் சொன்னார். அவராவது கேட்டார். பணத்தை நொடியில் வாங்கத் தெரிந்த ஏற்பாட்டில், ரசிகர் வெளியே நிற்கிறார் என்பதை அந்த ரசிகரே எழுதித்தான் தெரிவிக்க வேண்டியிருந்தது.

இதற்கெல்லாம் 'தொழில்நுட்பக் கோளாறு' என்று பெயர் வைக்கிறார்கள். பொய். கோளாறு ஒரு திசையில் மட்டும் வராது. நம் பணம் போகும்போது சர்வர் ஒருநாளும் படுத்ததில்லை. நாற்காலி கேட்கும்போதுதான் அதற்குக் காய்ச்சல் வருகிறது. உண்மையான கணக்கை இணையத்தில் வைத்தால் எத்தனை பாஸ் போனது, யாருக்குப் போனது, எத்தனை நாற்காலி சும்மா கிடந்தது என்று ஊருக்கே தெரிந்துவிடும். அதனால்தான் அந்த நோட்டு இன்னும் மேஜை டிராயரில் பூட்டிக் கிடக்கிறது.

வயசானவர்கள், கம்ப்யூட்டர் தெரியாது என்று சபாக்காரர்களுக்காகப் பரிந்து பேச வராதீர்கள். அதே வளாகத்தின் கேண்டீனுக்குப் போய்ப் பாருங்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் பாதி அரங்கம் அங்கே இறங்குகிறது. க்யூஆர் அட்டையில் போனைக் காட்டினால், கல்லாவில் "முப்பது ரூபாய் பெறப்பட்டது" என்று பெட்டி கத்துகிறது, டோக்கன் வருகிறது, வடை வருகிறது. கடைசி வடை ஒருநாளும் இரண்டு பேருக்கு விற்கப்படுவதில்லை.